நூலுக்குள்ளே ஒரு காவல்காரன்!

'கொசுவலையா? அது தாத்தா காலத்துச் சமாசாரமாச்சே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இப்போது வருகிற சில வலைகளில் நூலுக்குள்ளேயே மருந்து இருக்கிறது!

விருத்தாசலம், நல்லூர் பக்கத்து வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன இந்த வட்டாரத்துக்கு, வயல் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பழைய எதிரி. இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1955-ல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான். மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் விருத்தாசலத்திலேயே கள நிலையம் வைத்து, நெல்வயல் கொசுக்களை ஆராய்ந்தார்கள்.

பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் இது தாக்கும். கடும் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவு தப்புதல்... பிழைத்தாலும் சிலருக்குக் கை கால் இயக்கமோ பேச்சோ பாதிக்கப்படலாம். வைரஸை ஒழிக்கிற மருந்து கிடையாது. வராமல் தடுப்பதுதான் வழி!

அதென்ன மருந்து வலை?

சாமந்தி இனப் பூ ஒன்றில் இயற்கையாகவே கொசுக்கொல்லி இருக்கிறது. அதைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவைதான் பைரித்ராய்டு மருந்துகள். பாலிஎத்திலீன் நூல் தயாரிக்கும்போதே இதைக் கலந்துவிடுகிறார்கள். துவைக்கும்போது மேலே உள்ள மருந்து போனாலும், உள்ளேயிருந்து மெல்ல மெல்லக் கசிந்து வரும். இருபது துவைப்பு, மூன்று வருட உபயோகம் தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நம் கரூரிலேயே இத்தகைய வலைகள் தயாராகின்றன. ஆப்பிரிக்க மலேரியாப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து வலையால் குழந்தை மரணம் சுமார் 17 சதவீதம் குறைந்திருந்தது.

'அப்போ சட்டையிலேயே மருந்து ஏத்திட்டா?' நல்ல கேள்வி! தாய்லாந்தில் டெங்குவைத் தடுக்கப் பள்ளிச் சீருடையில் பெர்மெத்ரின் ஏற்றிப் பார்த்தார்கள். நாலைந்து துவைப்பிலேயே வீரியம் வெகுவாகக் குறைந்துபோச்சு. டெங்கு குறைந்ததாகவும் நிரூபணமாகவில்லை. மருந்து தங்கும்வரைதான் துணி நமக்குக் காவல்!

இன்னொரு சங்கதி. வயல் கொசு பொழுது சாயும்போதே வெளியில் கடிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் உங்க பிள்ளை வலைக்குள்ளா இருக்கும்? தெருவில் விளையாடிக்கொண்டல்லவா இருக்கும்! ஆகவே வலை மட்டும் போதாது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* இந்நோய் பரவும் மாவட்டங்களில் அரசுத் தடுப்பூசி இலவசம். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதங்களுக்குள் இன்னொன்று. தவறவிடாதீர்கள்.
* மாலையில் முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.
* புது வலையை ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள். ஓரங்களைப் பாய்க்கடியில் செருகுங்கள்.
* அழுக்கானால் மட்டும் சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர், வெந்நீர் வேண்டாம். குளத்தில் துவைக்காதீர்கள், மருந்து மீனுக்கு விஷம்.
* காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.