மின்தடையில் மீன் தொட்டியைக் காப்பது எப்படி?

பயோபிளாக் தொட்டியில் மீன்களோடு நுண்ணுயிர்த் திரளும் பிராணவாயுவைச் செலவிடுகிறது. ஆகவே மின்சாரம் நின்று காற்றூட்டம் தடைப்பட்டால், ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே மீன்கள் மூச்சுத் திணறக்கூடும். 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். எனவே கோடையில் கூடுதல் கவனம் தேவை.

மின்சாரம் நின்றதும் தீவனம், வெல்லப்பாகு இரண்டையும் நிறுத்துங்கள். இவை பிராணவாயுச் செலவைக் கூட்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை உடனே இயக்குங்கள். அது இல்லையேல், தொட்டி நீரையே வாளியில் மொண்டு, உயரத்திலிருந்து விடாமல் ஊற்றுங்கள். மின்சாரம் வந்தபின், மீன்கள் இயல்பாக நீந்தும் வரை தீவனம் இடக்கூடாது.

மாதம் ஒருமுறை பகலில் பேட்டரிப் பம்பை ஓட்டி, அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்து வையுங்கள்.