அம்மாவைப் பகல்நேரக் காப்பகத்தில் விடுகிறீர்களா?

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, மாலை வரை அம்மா தனியாக இருக்கிறாரா? பக்கத்தில் முதியோர் பகல்நேரக் காப்பகம் இருந்தால், சேர்ப்பதற்கு முன் அவரையே அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கழிப்பறையைப் பாருங்கள். தரை ஈரமில்லாமல், சுவரில் கைப்பிடியோடு, வெஸ்டர்ன் வகையாக இருக்க வேண்டும். தாழ்ப்பாளை அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க முடியுமா? உள்ளே மயங்கி விழுந்தால் அதுதான் உயிரைக் காக்கும். கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் பின்னாலேயே வரும்.

மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, நேரத்தைத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால், மதியச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது என்று பொறுப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். திடீரென வியர்த்து, கைகால் நடுங்கினால் உடனே கொடுக்க குளுக்கோஸ் பையில் இருக்கட்டும்.

பையில் இவற்றோடு மாற்றுப் புடவை, மூக்குக்கண்ணாடி போதும், நகை வேண்டாம்.

முதல் வாரம் அரை நாள் மட்டும் விடுங்கள். ஆயுசு முழுக்க அடுக்களையை ஆண்டவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. பூ கட்ட, கீரை ஆய, பல்லாங்குழி ஆட அங்கே இடமிருக்கிறதா என்று கேளுங்கள். டிவி மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.