பெரியவர்களிடமும் கவனக்குறைவுக் கோளாறு: கண்டறிவது எவ்வாறு?



இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி நிர்வாகக் குழுவினர் கேட்டபோது, பயனுள்ள செய்தி எதையாவது எழுத வேண்டுமென்று விரும்பினேன். ஏறக்குறைய ஓராண்டு காலமாக ஆலய அலுவலகத்தில் என்னைச் சந்திக்க வருபவர்களில் சிலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வாத்தியாரையா, சின்னப் பிள்ளைங்களுக்கு இருக்கிற அந்த ஏ.டி.எச்.டி. பெரியவங்களுக்கும் இருக்குமா?" என்பதே அது. நான் மருத்துவனல்லன். ரந்தாவ், லிங்கி வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து ஓய்வுபெற்றவன். படித்தறிந்ததையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே எடுத்துரைக்கிறேன்.

தமிழில் இதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர். பெயர் நீளமானாலும் பொருள் எளிது. மனத்தை ஒன்றில் நிறுத்தி வைப்பதும், உடலை அடக்கி அமர்வதும், பேசுமுன் அல்லது செய்யுமுன் ஒரு கணம் தயங்குவதும் இவர்களுக்குக் கடினம். இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. சோம்பலோ திமிரோ வளர்ப்புக் குறையோ இதற்குக் காரணமல்ல. குடும்ப வழியில் பெரிதும் தொடர்வது என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மகனுக்கு இது இருப்பதாக மருத்துவர் சொல்லும்போது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தகப்பனார், "நானும் இப்படித்தானே இருந்தேன்" என்று திடுக்கிடுவது உலகெங்கும் நடக்கிறது.

இக்கோளாறு புதிதாக முளைத்ததன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே தம் நூலில் கவனம் நிலைக்காத தன்மையை விவரித்துள்ளார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் இலண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆயினும் நெடுங்காலம் இது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது, பருவம் வந்தால் தானே போய்விடும் என்றே மருத்துவ உலகம் நம்பியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1968-ஆம் ஆண்டுக் கையேடு இதற்கு இட்ட பெயரிலேயே 'குழந்தைப் பருவம்' என்ற சொல் இருந்தது. பிள்ளைகளை வளர்ந்த பின்னும் தொடர்ந்து கவனித்தபோதுதான், துள்ளல் அடங்கினாலும் கவனச் சிதறல் பலரை விடவில்லை என்பது தெரிந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு பெரியவர்களுக்கென்று தனி அளவையும் வகுத்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று தெரிகிறது.

பெரியவர்களிடம் இது வேறு கோலத்தில் வருகிறது. வகுப்பில் மேசை மேல் ஏறிக் குதித்தவன், நாற்பது வயதில் குதிப்பதில்லை. ஆனால் உள்ளுக்குள் ஓர் இயந்திரம் ஓடுவதுபோல் அமைதியின்றித் தவிப்பான். மின்கட்டணப் பணம் சட்டைப்பையில் இருக்கும். கட்டுவதற்கு மறந்து மின்சாரம் துண்டிக்கப்படும். தொடங்கிய வேலைகள் பத்து, முடித்தவை ஒன்றிரண்டு. மோட்டார் சாவியைத் தேடாத நாளில்லை. வாய்த் தவறி முதலாளியிடம் ஒரு சொல் சொல்லி வேலையை இழப்பான். இவற்றோடு ஒரு விந்தையும் உண்டு. மனத்துக்குப் பிடித்த வேலையென்றால் சோறு தண்ணீர் மறந்து அதிலேயே மூழ்கிவிடுவான். "வேணும்னா செய்யத் தெரியுதே, வேண்டாம்னா மறந்துடுதா?" என்று வீட்டார் ஏசுவது இதைக் கண்டுதான்.

இவ்விடத்தில் என் சொந்தக் கருத்து ஒன்றைக் கூற அனுமதியுங்கள். பழைய தோட்ட வாழ்க்கையில் இக்கோளாறு வெளியே தெரியாமல் மறைந்திருந்தது என்றே எண்ணுகிறேன். விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும்; எழுந்தே ஆக வேண்டும். கங்காணி காட்டிய மரங்களை வெட்ட வேண்டும், மங்கில் இறங்கிய பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு வர வேண்டும். கணக்கைக் கிராணி எழுதுவார். கடைக் கடனைச் சம்பள நாளில் கடைக்காரரே வந்து வசூலிப்பார். நேரத்தையும் பணத்தையும் நினைவில் வைக்கும் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். காடும் மேடும் நடக்கும் உழைப்பில், ஓரிடத்தில் உட்கார முடியாத உடலும் அடங்கியது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்தில் இருந்தவர்கள் நீலாய், செனவாங், சிரம்பான் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே மணி அடிப்பாரில்லை. வேலை நேரம், மோட்டார் தவணை, வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிப் பாரங்கள் என எல்லாவற்றையும் அவரவரே நினைவில் வைக்க வேண்டியதாயிற்று. தோட்டத்தில் சமாளித்த தகப்பனைப்போலவே பிறந்த மகன், பட்டணத்தில் தடுமாறுகிறான்.

என்னிடம் 1990-களின் தொடக்கத்தில் மூன்றாம் ஆண்டில் படித்த ஒரு மாணவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். நாற்பதை நெருங்குகிறவர், லோரி ஓட்டுநர். ஏழெட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து எதிலும் ஓராண்டைத் தாண்டவில்லை. இரண்டு விபத்துகள். ஆலோங்கிடம் வாங்கிய கடன் வட்டியோடு கழுத்தை நெரிக்க, மனைவி பிள்ளைகளோடு தாய்வீடு சென்றுவிட்டார். சுகாதார நிலைய மருத்துவர் அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே நிபுணர் கேட்டது ஒன்றைத்தான்: "பன்னிரண்டு வயதுக்குள் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு ஏதாவது சான்று உண்டா?"

தோட்டம் இன்றில்லை. பள்ளியும் வேறிடத்துக்கு மாறிவிட்டது. மதிப்பெண் அட்டை லயம் இடிக்கப்பட்டபோதே போய்விட்டது. "ஐயா, நீங்கதான் ஒரு கடிதம் கொடுக்கணும்" என்றார். எனக்கு அந்தப் பையனை நன்றாக நினைவிருந்தது. கணக்கில் முதலிரண்டு வரிகள் அழகாக இருக்கும், மூன்றாவது வரியில் படம் வரைந்திருப்பான். பென்சிலை வாரம் ஒன்று தொலைப்பான். கேள்வியை நான் முடிக்குமுன் விடையைக் கூவுவான். ஆனால் கதை சொல்லும் போட்டியில் அவனை வெல்ல ஆளில்லை. இவற்றை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்ன நோய் என்று நான் எழுதவில்லை, அது என் வேலையுமன்று. கண்டதை மட்டும் எழுதினேன்.

அவருடைய தாயாரையும் நிபுணர் வரவழைத்தார். பால் வெட்டிக் காய்த்த கைகளோடு அந்த அம்மாள் சொன்னது இது: "உப்பு வாங்க அனுப்பினா சடக்கு ஓரத்துல அணிலைப் பார்த்துக்கிட்டு நிப்பான் ஐயா. அரை மணி கழிச்சு வருவான், காசும் இருக்காது, உப்பும் இருக்காது. இவன் அண்ணன் அப்படி இல்ல." இந்த ஒரு வாக்கியத்தில் வயது, நிகழ்ச்சி, மற்றப் பிள்ளையோடு ஒப்பீடு ஆகிய மூன்றும் இருப்பதாகவும், நோயைக் கண்டறிய வேண்டியது இத்தகைய செய்திதான் என்றும் மருத்துவர் கூறினாராம்.

இனி, மருத்துவர்கள் பின்பற்றும் முறைக்கு வருவோம். இரத்தப் பரிசோதனையாலோ மூளையைப் படம் பிடித்தோ இதனைக் கண்டுபிடிக்க இயலாது. பேசித்தான் அறிய வேண்டும். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகையியக்கத்துக்கும் அவசரபுத்திக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகள் எனக் கையேட்டில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. பதினேழு வயதுக்கு மேற்பட்டவரிடம் ஏதேனும் ஒரு பட்டியலில் ஐந்தாவது ஆறு மாதமாகத் தொடர்ந்து இருக்க வேண்டும், குழந்தைகளுக்கு ஆறு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என இரண்டு சூழ்நிலைகளிலாவது காணப்பட வேண்டும். முக்கியமாக, வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். சாவியை எப்போதாவது தொலைப்பவரெல்லாம் நோயாளியல்லர்; அப்படிப் பார்த்தால் நம் நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் மருத்துவமனைக்குப் போக நேரிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரால் 2005-இல் வெளியான பதினெட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. அதன் முதல் ஆறு கேள்விகளே சல்லடைபோல் பயன்படுகின்றன. இன்று கைத்தொலைபேசியில் அதை நிரப்பிவிட்டு, "எனக்கும் இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சல்லடை வேறு, தராசு வேறு. அப்படிவம் மருத்துவரிடம் போகலாமா என்பதை மட்டுமே சொல்லும். அதன் பின்னர்தான் விரிவான நேர்காணல். நெதர்லாந்தில் உருவான டிவா என்னும் நேர்காணல் முறை, ஒவ்வோர் அறிகுறிக்கும் இன்று எப்படி, சிறுவயதில் எப்படி என்று இருமுறை கேட்கிறது. இயன்றால் கணவனோ மனைவியோ தாயோ உடனிருக்க வேண்டுமென்பது அதன் நெறி.

வேறு நோய்கள் இதே வேடமிட்டு வரும் என்பதையும் மறவாதீர்கள். தைராய்டு சுரப்பு கூடினால் பதற்றமும் நிலைகொள்ளாமையும் வரும். குறைந்தால் மந்தமும் மறதியும். உரத்த குறட்டையோடு இரவில் மூச்சுத் தடைபடுகிறவர் பகலில் எதிலும் மனம் செலுத்த முடியாமல் தூங்கி வழிவார். இரத்தசோகை, மனச்சோர்வு, மனப்பதற்றம், மோட்டார் விபத்தில் தலையில் பட்ட அடி, இரவு வேலையால் கெட்ட தூக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். சம்சுவும் மதுவும் நம் தோட்டங்களில் செய்த நாசம் உங்களுக்குத் தெரிந்ததே. குடியாலும் கவனம் கெடும், கவனக் கோளாறு உள்ளவர் குடியில் விழுவதும் அதிகம். எது முந்தியது என்று பிரித்தறிவதற்கே சிறுவயதுச் செய்தி வேண்டப்படுகிறது.

இதில் அறிஞர்களிடையே ஒரு வழக்கும் நடந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வருகிறார்கள். முப்பத்தெட்டு வயதில் இக்கோளாறின் அறிகுறி காட்டியவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது இருந்ததாகப் பதிவில்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். அப்படியானால் பெரியவனான பின்னும் புதிதாக வருமோ என்ற ஐயம் எழுந்தது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகையோரை ஒவ்வொருவராக ஆராய்ந்தபோது, பலருக்கு வேறு மனநோயோ போதைப்பழக்கமோதான் காரணமென்று கண்டார்கள். நாற்பது வயதுவரை ஒழுங்காக இருந்தவருக்குத் திடீரென்று மறதி வந்தால், முதலில் வேறு காரணத்தைத் தேடுங்கள் என்பதே எனக்கு இதில் கிடைத்த பாடம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் சன்னலைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருக்கும் சிறுமியால் எந்த ஆசிரியருக்கும் தொல்லையில்லை. ஆகவே அவளை யாரும் மருத்துவரிடம் அனுப்புவதில்லை. திருமணமாகி, வேலையும் வீடும் பிள்ளைகளும் ஒருசேர வந்த பிறகு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுப் பழி கேட்கிறாள். பல பெண்கள் மனச்சோர்வுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் மருந்துண்ட பின்னரே மூலகாரணத்தை அறிகிறார்கள்.

நம்மவர் மருத்துவரிடம் போகத் தயங்குவதற்குக் காரணம், 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற சொல். பேராக்கில் 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயரைத் தோட்டங்களில் வசைச்சொல்லாகவே வழங்கினோம். அதற்கு 1971-லேயே பகாகியா மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பகாகியா என்றால் மகிழ்ச்சி. இன்று யாரையும் அவ்வளவு தூரம் அனுப்புவதில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்துக் கடிதம் பெற்றால், சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். காத்திருக்க நேரிடும், பொறுமை வேண்டும். அர்ச்சனை செய்யுங்கள், திருநீறு பூசிக்கொள்ளுங்கள். தாயத்துக்கு முந்நூறு ரிங்கிட் கொடுக்குமுன் அந்த ஒரு ரிங்கிட்டையும் செலவிடுங்கள்.

மருந்து உண்டு. மெத்தில்பெனிடேட் என்பது நம் நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இரத்த அழுத்தமும் இருதயமும் பார்த்த பின்னரே தருவார்கள், ஒருவர் மருந்தை மற்றவர் உண்ணலாகாது. அட்டமாக்செட்டின் என்ற வேறுவகை மருந்தும் இருக்கிறது. பழக்கங்களைச் சீர்செய்யும் மனப்பயிற்சியும் துணைபுரியும். என் மாணவர் மூன்றாம் சந்திப்பில்தான் முடிவறிந்தார்; அவருக்கு இக்கோளாறே. இப்போது மருந்துண்கிறார், சம்பளத்தை மனைவியின் கணக்கில் போடச் செய்திருக்கிறார். மனைவி திரும்பி வந்துவிட்டார். கடன் இன்னும் தீரவில்லை.

மருத்துவரிடம் செல்வோர் பழைய மதிப்பெண் அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ், விபத்து அல்லது வேலை நீக்கக் கடிதங்கள், இப்போது உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சிறுவயதில் உங்களை அறிந்த ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ரந்தாவ், லிங்கி தோட்டப் பள்ளிகளில் என்னிடம் படித்தவர்களுக்கு ஆசிரியர் கடிதம் தேவைப்பட்டால், வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் ஆலய அலுவலகத்தில் என்னைச் சந்திக்கலாம். படித்த ஆண்டையும், இருந்தால் அக்கால வகுப்புப் படம் ஒன்றையும் கொண்டு வாருங்கள். முகத்தைப் பார்த்தால் எனக்கு நினைவு வந்துவிடும்.