ஓய்வு பெறும் ஊழியருக்கு கிப்ட் வவுச்சர்: தெரிவு செய்வது எப்படி?

உங்கள் கடையில் 22 வருடங்களாகக் கணக்கெழுதிய நானா ஒருவர் இந்த மாத முடிவோடு ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். கடை திறக்கும்போது முதல் ஆளாக வந்து, பூட்டும்போது கடைசி ஆளாகப் போனவர். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். முன்பென்றால் சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கி, பெயர் பொறித்துக் கொடுத்து விடுவோம். இப்போது பலரும் கிப்ட் வவுச்சரையே நாடுகின்றனர். வாங்குவது இலகு, கொடுப்பதும் இலகு. ஆனால் பொருத்தமில்லாத வவுச்சர் அலுமாரியிலேயே கிடந்து காலாவதியாகி விடும். இவ்வாரம் இதைப் பற்றிச் சற்றுப் பார்ப்போம்.

முதலில் கடன், பிறகு அன்பளிப்பு

வவுச்சர் வாங்கப் போவதற்கு முன் ஒரு விடயத்தை நாம் தெளிவாக விளங்கிக் கொள்ள வேண்டும். அன்பளிப்பு வேறு, உரிமை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் குறைந்தது 5 வருடங்கள் சேவையாற்றிய ஊழியருக்குப் பணிக்கொடை வழங்கியாக வேண்டும். மாதச் சம்பளம் பெறுபவருக்கு, இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அரைப்பங்கு, பூர்த்தியான ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் கிடைக்க வேண்டும்.

நமது நானாவின் இறுதிச் சம்பளம் 60,000 ரூபா என்றால், அதன் பாதி 30,000. அதை 22ஆல் பெருக்கினால் 660,000 ரூபா. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணமும் சேரும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கான 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் நிலுவையின்றிச் செலுத்தப்பட்டுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

"என்னிடம் பத்துப் பேர்தானே வேலை செய்கிறார்கள்" என்று சிலர் நினைக்கலாம். 15 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்தவர்களும் பணிக்கொடை கோரித் தொழில் நியாய சபைக்குப் போக முடியும். 660,000 ரூபா பாக்கியை வைத்துக் கொண்டு 10,000 ரூபா வவுச்சரை மாலையோடு கொடுப்பதை அன்பளிப்பு என்று சொல்ல முடியாது. வாங்குபவருக்கும் அது தெரியும், பார்த்துக் கொண்டிருக்கும் மற்ற ஊழியர்களுக்கும் தெரியும்.

வவுச்சரில் கவனிக்க வேண்டியவை

1. அவர் எங்கே வாழப் போகிறார்? கொழும்பில் வேலை செய்தவர் ஓய்வுக்குப் பின் அக்குறணைக்கோ மூதூருக்கோ திரும்பலாம். கொழும்புக் கிளையில் மட்டும் செல்லுபடியாகும் வவுச்சர் அவருக்குப் பஸ் கட்டணத்தையே செலவாக்கும். அவரது ஊரிலோ பக்கத்து நகரிலோ கிளை உள்ள நிறுவனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

2. அவருக்கு இனி என்ன தேவை? கடைக்குப் போட்டு வந்த சேர்ட்டும் சப்பாத்தும் இனிப் பெரிதாகத் தேவைப்படாது. மூக்குக் கண்ணாடி, மருந்து, வீட்டுச் சாமான் போன்றவையே அதிகம் பயன்படும். சந்தேகம் இருந்தால் வீட்டாரிடம் மெதுவாக விசாரியுங்கள். எதுவும் தெரியாவிட்டால் சூப்பர் மார்க்கட் வவுச்சரே பாதுகாப்பானது.

3. திகதியைப் பாருங்கள். செல்லுபடியாகும் இறுதித் திகதி அச்சிடப்பட்டிருந்தால், எவ்வளவு காலம் மிஞ்சியுள்ளது என்று கணக்கிடுங்கள்.

4. ஒரே தாளா, பல தாள்களா? மிகுதிப் பணம் திருப்பித் தரப்படுமா என்று கேளுங்கள். தராத இடமென்றால், 10,000 ரூபாவுக்கு ஒரே வவுச்சர் வாங்காமல் 1,000 ரூபா வீதம் பத்து வாங்குங்கள்.

5. தாளா, தொலைபேசியா? குறுந்தகவலில் வரும் இலக்கத்தைக் காட்டிப் பொருள் வாங்குவது எல்லா முதியவர்களுக்கும் இலகுவல்ல. கையில் பிடிக்கக் கூடியதைக் கொடுப்பதே நல்லது.

6. வவுச்சர் என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. அதை வெளியிட்ட கடை நொடிந்தால் தாளும் நொடிந்து விடும். பிரித்தானியாவின் பிரபல இசைத்தட்டு விற்பனை நிறுவனமான எச்.எம்.வி. 2013 ஜனவரியில் நிதி நெருக்கடியில் விழுந்தபோது, வாடிக்கையாளர்களின் கிப்ட் காட்களை ஏற்க மறுத்தது. கண்டனம் எழுந்து, சில தினங்களின் பின்னரே மீண்டும் ஏற்றுக் கொண்டது. நிலையான நிறுவனத்தையே தெரிவு செய்யுங்கள்.

7. விரைவில் பாவிக்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய வருடம் கிடைத்த வவுச்சரைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர், அதே தொகைக்கு எவ்வளவு குறைவாக வாங்கியிருப்பார் என்று யோசியுங்கள்.

சொந்தக் கடை வவுச்சர்

சிலர் தமது கடை வவுச்சரையே கொடுப்பதுண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடுத்த கை மறுபடி வாங்கிக் கொள்வது போல அது தோன்றும். அத்தோடு, நேற்றுவரை கல்லாவில் இருந்தவர் இன்று வாடிக்கையாளராக வந்து பழைய சகாக்கள் முன் வவுச்சரை நீட்டக் கூச்சப்படுவார். வேறு கடையினுடையதைக் கொடுப்பதே கண்ணியம்.

தொகையும் வார்த்தையும்

தொகைக்கு ஓர் ஒழுங்கு இருக்கட்டும். சேவை வருடத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்து விட்டால், "அவருக்கு அவ்வளவு, எனக்கு இவ்வளவுதானா?" என்ற பேச்சு வராது. சிறு சம்பளம் பெறும் பையன்களிடம் கட்டாயப்படுத்திப் பணம் சேர்க்க வேண்டாம்.

வவுச்சரோடு ஒரு வாழ்த்து அட்டையும் வையுங்கள். அச்சிட்ட வாசகத்தோடு நிறுத்தி விடாமல், முதலாளியே தன் கையால் இரண்டு வரி எழுத வேண்டும். "தங்கள் சேவைக்கு நன்றி" என்று எவருக்கும் எழுதலாம். "2020 கொரோனா முடக்க காலத்தில் கடன்காரர் அத்தனை பேரின் கணக்கையும் நீங்கள் சரியாக வைத்திருந்தபடியால்தான் நாங்கள் மீண்டும் கடை திறந்தோம்" என்று அவர் ஒருவருக்கு மட்டுமே எழுத முடியும். வவுச்சர் ஒரு மாதத்தில் முடிந்து விடும். அந்த அட்டையை அவர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டுவார்.

இறுதி நாள்வரை காத்திராமல், ஊழியர் அனைவரும் கூடியிருக்கும் ஒரு நேரத்தில், முடியுமானால் அவரது குடும்பத்தையும் அழைத்து, பணிக்கொடைக் காசோலையையும் வவுச்சரையும் ஒன்றாகக் கையளியுங்கள். ஓய்வு பெறுபவரை நீங்கள் எப்படி அனுப்பி வைக்கிறீர்கள் என்பதை, இன்னும் இருபது வருடம் உங்களிடம் வேலை செய்யப் போகிறவர்கள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்து விடக் கூடாது.