தோல் துண்டில் ஒரு கோட்டை: நிழற்பெட்டி வாழ்த்து அட்டை

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு ஷூ பெட்டி அட்டைக்கும் தோல் வெட்டு மிச்சத்துக்கும் பஞ்சமில்லை. இந்த ரம்ஜானுக்கோ பொங்கலுக்கோ அவற்றிலேயே ஆழம் தெரியும் வாழ்த்து அட்டை செய்யலாம்.

கெட்டியான ஏ4 தாளை 22 × 18 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நான்கு ஓரங்களிலும் 1.5 செ.மீ., 3 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, மை தீர்ந்த பேனாவால் அழுத்திவிட்டால் மடிப்பு கோணாமல் வரும். மூலைகளில் 3 செ.மீ. சதுரங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். முதல் மடிப்பு சுவர், அடுத்தது உள்பக்க விளிம்பு. விளிம்பின் முனைகளைச் சாய்வாக நறுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. 16 × 12 செ.மீ. அட்டையில் 2 செ.மீ. ஓரம் விட்டு நடுவை வெட்டினால் சட்டம் தயார். அதைக் கடைசியில்தான் ஒட்ட வேண்டும்.

உள்ளே வேலூர்க் கோட்டை வைத்தால் கொள்ளை அழகு. பின்னால் மலை, நடுவே மதிலும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரமும், சட்டத்தை ஒட்டி நீலத்தாளில் அகழி. நடு அடுக்குக்குப் பின்னால் ஷூ பெட்டி அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி உயர்த்துங்கள். நிழல் விழுவது அந்த இடைவெளியால்தான்.

மதிலுக்கு மெல்லிய லைனிங் தோல் போதும். தோலின் பின்பக்கத்தில் படத்தை இடம் வலம் மாற்றி வரைந்து வெட்டுங்கள். தோலை ஒட்ட ரப்பர் பசை நல்லது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். குரோமியத்தில் பதப்படுத்திய தோலாக இருக்கலாம் என்பதால், மிஞ்சிய துணுக்கை அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள்.