படம் பார்த்துப் பாகம் அறிதல்



ஒரு பேரிங்கைத் தப்பாக வாங்கியதால் என் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. வாங்கியவன் நான்தான். அந்தக் கடனை அடைக்கத்தான் இக்கட்டுரை.

எனக்கு ஊர் ஆரணி. அப்பா பட்டுத் தறி நெய்கிறார். அம்மா ஒரு பட்டு முறுக்கு ஆலையில் நூல் சுற்றும் வேலை. சுற்றிய அளவுக்குத்தான் கூலி. எங்கள் வீட்டில் டிப்ளமோ வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. சென்ற விடுமுறையில் அதே ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை பழகப் போனேன்.

ஒரு நாள் முறுக்கு மெஷின் மோட்டாரில் ஒரே இரைச்சல். பேரிங் போய்விட்டது. ஷாஃப்டில் இறுகிக் கிடந்தது. கிரீஸும் துருவும் மூடி நம்பர் தெரியவில்லை. வெர்னியர் வைத்து வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. என்று அளந்தேன். செல்போனில் படம் எடுத்து, படத்தைக் கொண்டு தேடும் வசதியில் போட்டேன். அச்சு அசலாக ஒரு பேரிங் வந்தது: 6304. அட்டவணையைப் பார்த்தேன். 52, 15. அப்புறம் என்ன? பஸ் ஏறி வேலூர் போய் வாங்கி வந்துவிட்டேன்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டப் போனால், ஷாஃப்டில் நுழையவே இல்லை! வேண்டியது 6205. அதற்குள் கடை மூடிவிட்டார்கள். மறுநாள் மாலை வரை மெஷின் நின்றது. "படிக்கிற பையன், பார்த்து வாங்கக் கூடாதாடா?" என்று மட்டும் அம்மா கேட்டாங்க. வேறொன்றும் சொல்லவில்லை.

தப்பு எங்கே நடந்தது?

6205: உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.
6304: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.

மூன்று அளவில் இரண்டு ஒன்றே. நான் அளக்காமல் விட்டது மூன்றாவதை. பேரிங் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும் என்று வகுப்பில் படித்ததுதானே? 05 என்றால் 25, 04 என்றால் 20. பரீட்சையில் எழுதினேன், வேலையில் மறந்தேன். ஷாஃப்டை ஒரு முறை அளந்திருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது?

அந்தப் படம் ஏன் என்னை ஏமாற்றியது என்று தேடிப் படித்தேன். எங்கள் ஊர்க்காரருக்கு இது எளிதில் விளங்கும். புடவைக்கு டிசைன் போடுபவர் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பாவு நூல் மேலே போக வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பது முடிவாகும். அதன்படி அட்டையில் துளை போட்டு ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். 1804-இல் பிரான்சின் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய முறை அது. போட்டோவும் இப்படிக் கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். கறுப்பு வெள்ளைப் படமானால் 0 முதல் 255 வரை ஓர் எண். கம்ப்யூட்டருக்குத் தெரிவது எண்கள் மட்டுமே.

அந்த எண்கள் மேல் சின்னச் சல்லடை ஒன்றை, மூன்றுக்கு மூன்று கட்டம் என்று வைத்துக்கொள்வோம், இடமிருந்து வலமாக நகர்த்துகிறார்கள். முதல் அடுக்கு ஓரங்களைப் பிடிக்கும். அடுத்த அடுக்கு வளைவு, வட்டம். அதற்கும் மேலே குண்டு வரிசை, பல் சக்கரம் போன்ற வடிவங்கள். சல்லடையில் என்ன எண் இருக்க வேண்டும் என்பதை, பெயர் எழுதிய ஏராளமான படங்களைக் காட்டிக் காட்டி கம்ப்யூட்டரே திருத்திக்கொள்கிறது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவின் அலெக்ஸ்நெட், இமேஜ்நெட் போட்டியில் பிழையை 15.3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டாவதாக வந்த குழுவின் பிழை 26.2 சதவீதம். அதன் பிறகுதான் இந்த முறை எங்கும் பரவியது.

நானே செய்து பார்த்தது

கூகுளின் டீச்சபிள் மெஷின் இலவசம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பால் பேரிங், டேப்பர் ரோலர் பேரிங், ஆயில் சீல் மூன்றையும் லேப் மேசையில் வைத்துப் படமெடுத்துப் பழக்கினேன். மேசையில் பிரமாதமாகச் சொன்னது. ஆலைத் தரையில் வைத்தால் சீலைப் பேரிங் என்றது. காரணம், நான் மேசையையும் சேர்த்தல்லவா கற்றுக்கொடுத்திருக்கிறேன்! நூல் பாபினைக் காட்டினேன். அதற்கும் தெரிந்த மூன்றில் ஒரு பெயரையே சொன்னது. "தெரியாது" என்று சொல்ல அதற்கு நாம் பழக்கவில்லை. தவிர, அது படத்தை 224-க்கு 224 கட்டமாகச் சுருக்கிவிடுகிறது. பேரிங்கில் பொறித்த நம்பர் அதில் காணாமலே போகும்.

அளவு தெரிய வழி உண்டா?

உண்டு. 2018-இல் அமேசான் தன் செயலியில் ஒரு வசதி வைத்தது. திருகாணியை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் அமெரிக்க பென்னி காசு ஒன்றை வைத்துப் படமெடுக்க வேண்டும். காசின் விட்டம் தெரிந்ததால் திருகாணியின் அளவும் வரும். நம் ஒரு ரூபாய்க் காசு இதற்கு ஆகாது. 25, 22, 20 மி.மீ. என மூன்று அளவில் புழங்குகிறது. ஏ.டி.எம். கார்டு சிறந்தது, எந்த வங்கியானாலும் நீளம் 85.6 மி.மீ. படத்தில் கார்டு 856 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.1 மி.மீ.

இதிலும் ஒரு பொறி உண்டு. 6204 பேரிங்கின் தடிமன் 14 மி.மீ. கேமரா மேசைக்கு மேல் 300 மி.மீ. உயரத்தில் இருந்தால், பேரிங்கின் மேல்முகம் 286 மி.மீ. தூரத்தில்தான் இருக்கும். ஆகவே 47 மி.மீ. வெளிவிட்டம் 49.3 ஆகத் தெரியும். பேரிங் உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து அதன் மேல் கார்டை வையுங்கள்.

பெரிய இடங்களிலும் இந்தக் கலை நுழைகிறது. ஓடும் ரயிலின் அடிப்பாகத்தைக் கேமராவால் பார்த்து, தொங்கும், தளர்ந்த, காணாமல் போன பாகங்களைக் கண்டுபிடிக்கும் நான்கு நிலையங்களை அமைக்க 2025 ஜூலையில் ரயில்வேயும் சரக்கு ரயில் பாதைக் கழகமும் ஒப்பந்தம் செய்தன. அங்கேயும் கருவி எச்சரிக்கும். இறங்கிப் பார்த்துச் சரிசெய்பவர் தொழிலாளியே.

படம் சொல்லாதவை

1. பேரிங்கின் சி3 இடைவெளி. சாதாரணப் பேரிங்கும் அதுவும் பார்வைக்கு ஒன்றே.
2. மரை இடைவெளி. எம்10 போல்ட்டில் 1.5-ம் உண்டு, 1.25-ம் உண்டு. பிட்ச் கேஜ்தான் சொல்லும்.
3. உலோகம் எது, எவ்வளவு தேய்ந்தது என்பது.

ஆகவே தோழர்களே, படம் ஆளைக் காட்டும்; அடையாள அட்டையைக் காட்டாது. முதலில் துடையுங்கள், நம்பரைத் தேடுங்கள். பிறகு படம். கடைசியில் மூன்று அளவும் எடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

இப்போது ஞாயிறுதோறும் அந்த ஆலைக்குப் போகிறேன். மெஷின் நன்றாக ஓடும் காலத்திலேயே ஒவ்வொன்றின் பெயர்ப் பலகையையும் படமெடுத்து, பேரிங், பெல்ட், சீல் நம்பர்களை நோட்டில் ஏற்றுகிறேன். முதல் பக்கத்தில் இருப்பது 6205. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த நம்பரைத் தடவிப் பார்த்து, "இதுதானா அது?" என்று கேட்டாங்க. இதுதான் என்றேன்.

— இயந்திரவியல் துறை, மூன்றாமாண்டு மாணவன்