கிளட்ச் சத்தம்: எப்போது கேட்கிறது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவர் பலருக்குப் பிக்கப் வாகனம் ஆடம்பரமன்று, அதுவே பிழைப்பு. பூ, வாழை இலை, மளிகை, பந்தல் சாமான் என எதையாவது ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் ஓடும் வாகனங்கள் அவை. அவற்றுள் பல இன்னும் கையால் கியர் மாற்றும் வகையைச் சேர்ந்தவை. ஆனால், தானியங்கி வாகனங்களுக்கு மட்டுமான 'டிஏ' உரிமம் 2014-ஆம் ஆண்டு அறிமுகமான பிறகு, கிளட்ச் மிதியைத் தொடாமலேயே நம் இளையோர் வாகனமோட்டி ஆகிவிட முடிகிறது. இயந்திரவியல் பயின்றவன் என்ற முறையில், அவர்களுக்காக இச்சிறு பாடத்தை எழுதுகிறேன்.

பட்டறைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் 'கீச்சுன்னு கேக்குது', 'கடகடன்னு ஆடுது' என்று ஒலியை நடித்துக் காட்டுவார்கள். அது ஓரளவுதான் உதவும். சத்தம் எப்போது கேட்கிறது என்பதே முதன்மையான கேள்வி. காரணத்தை அறியக் கிளட்சின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம்.

என்ஜினின் பின்முனையில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் சுழல்கிறது. அதை ஒட்டிக் கிளட்ச் தட்டும், அத்தட்டை இறுகப் பிடிக்கும் அழுத்தத் தட்டும் உள்ளன. மிதியிலிருந்து காலை எடுத்திருக்கும்போது இவை மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். கியர் பெட்டிக்குள் செல்லும் தண்டும் உடன் சுழலும். மிதித்தால், ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அழுத்தத் தட்டின் வில்லை அழுத்தும், பிடி விடுபடும், தண்டின் வேகம் குறைந்து நிற்கும். பின்சக்கரங்களை இயக்கும் பிக்கப்புகள் பலவற்றில், அத்தண்டின் முன்முனையைத் தாங்கப் பைலட் பேரிங் என்னும் சிறிய உறுப்பும் உண்டு.

ஆக, மிதியின் நிலை மாறும்போது உழைக்கும் உறுப்பும் மாறுகிறது. கீழ்க்காணும் சோதனை இந்த ஓர் உண்மையையே அடிப்படையாகக் கொண்டது.

சோதனை முறை

வாகனத்தைக் காற்றோட்டமுள்ள சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்துச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வானொலியையும் குளிரூட்டியையும் அணைத்துவிடுங்கள். வாகனத்தின் முன்னும் அடியிலும் எவரும் இருக்கக்கூடாது.

1. என்ஜினை முடுக்காமல் மிதியுங்கள். இப்போதே கிறீச்சிட்டால், மிதியின் அச்சிலோ ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவையிலோ மசகு வற்றியிருக்கலாம்.

2. என்ஜினை முடுக்கி, நியூட்ரலில் வைத்து, காலை எடுத்துவிடுங்கள். அப்போது கேட்கும் சத்தம் முழுதாய் மிதித்ததும் மறைந்தால், கியர் பெட்டித் தண்டின் பேரிங்கை ஐயுறலாம். டீசல் வாகனங்களில் மெல்லிய கடகடப்பு இயல்பாகவும் இருக்கக்கூடும். அது புதிதாகக் கூடியிருந்தால் கவனியுங்கள். கியர் எண்ணெயின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. மெல்ல மிதியுங்கள். காலுக்கு எதிர்ப்பு தட்டுப்படும் இடத்தில் சத்தம் தொடங்கி, மிதிக்க மிதிக்க வலுத்தால், அது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். சில வாகனங்களில் இந்தப் பேரிங் எப்போதும் வில்லைத் தொட்டபடியே இருக்கும். அவற்றில் தேய்ந்த பேரிங், காலை எடுத்த நிலையில் ஒலித்து, இலேசாக மிதித்ததும் அடங்குவதுண்டு. எனவே இலேசாக மிதிக்கும்போதும் முழுதாய் மிதிக்கும்போதும் கேட்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

4. கால் பிரேக்கையும் கிளட்சையும் முழுதாய் மிதித்தபடி முதல் கியரில் போடுங்கள். தண்டு முற்றாக நின்றுள்ள இந்நிலையில் மட்டும் சத்தம் எழுந்தால், பைலட் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

கியர் போடும்போது பற்கள் உராயும் ஒலி கேட்டால், உடனே கியர் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். கிளட்ச் முழுதாய் விடுபடாமலும் இருக்கலாம். கிளட்ச் எண்ணெய் குறைந்துள்ளதா, எங்கேனும் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த வேறுபாட்டில் எவ்வளவு பணம் அடங்கியுள்ளது என்பதைக் கிள்ளானில் பூ வியாபாரம் செய்யும் என் தாய்மாமாவின் பிக்கப்பில் கண்டேன். தீபாவளி நெருங்கிய வேளையில், ஒரு பட்டறையில் கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று கூறிவிட்டனர். "மாப்ள, பூ வாங்க வச்சிருக்கிற காசுடா இது" என்றார் மாமா. இருவரும் சோதித்தோம். காலை எடுத்தால் அமைதி. எதிர்ப்பு தட்டும் இடத்தில் கீச்சொலி. ஓடும்போது எந்தக் கியரிலும் சத்தமில்லை. இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வேறொரு பட்டறையில் கொடுத்தோம். கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது ரிலீஸ் பேரிங் வறண்டு சொரசொரத்துப் போயிருந்தது. அதனுடன் கிளட்ச் தட்டையும் அழுத்தத் தட்டையும் மாற்றினார்கள். பழைய கியர் பெட்டியே மீண்டும் ஏறியது.

பேரிங் ஒன்றுதானே கெட்டது, மற்றவை எதற்கு என்று கேட்கலாம். எதை மாற்றுவதானாலும் கியர் பெட்டியை இறக்கும் கூலி ஒன்றே. நான்கு சக்கர இயக்க வாகனமானால் வேலை இன்னும் கூடும். எனவே தேய்ந்தவற்றை ஒரே தடவையில் மாற்றுவது சிக்கனம். ஃப்ளைவீலின் பரப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் காட்டும்படி கேளுங்கள். பழைய தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அத்தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது.

சத்தத்தோடு நாள்கடத்துவதும் நல்லதன்று. ரிலீஸ் பேரிங் உடைந்துவிட்டால் கிளட்ச் விடுபடாது. சரக்கோடு நடுவழியில் நிற்க நேரும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊரும்போது மிதியின் மேலேயே காலை வைத்திருப்பது இந்தப் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும். வாகனங்கள் நின்றால் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுவதே நன்று.

மாணவ நண்பர்களே, மெக்கானிக்கிடம் 'கியர் பெட்டி போச்சு' என்று நாமே தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. எந்நிலையில் கேட்கிறது, எந்நிலையில் மறைகிறது என்பதைச் சொன்னால் போதும். அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது, உரிமம் 'டிஏ' ஆயினும், அப்பாவை மிதிக்கச் சொல்லி நீங்கள் அருகில் நின்று கேட்டு எழுதுங்கள். நான்கு வரிக் குறிப்பு, ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தைக் காக்கக்கூடும்.